சென்சார் வாங்குவதற்கு முன் கிணற்றில் கயிறு விட்டுப் பாருங்கள்

வேலூர் மாவட்டம் ஒடுகத்தூர் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். பெங்களூரில் ஐ.டி. வேலையில் இருந்தவர். அப்பாவுக்கு முடியாமல் போனதால் ஊருக்கு வந்து மூன்றரை ஏக்கரைப் பார்த்துக்கொள்கிறார். ஒன்றரை ஏக்கர் கிணற்றுப் பாசனக் கழனி, இரண்டு ஏக்கர் மானாவாரிக் கொல்லை. கொல்லையில் வேர்க்கடலை, கழனியில் நெல், ஓரமாகக் கொஞ்சம் முள்ளுக்கத்தரி. அவருடைய கேள்வி இது: "மண் ஈர சென்சார், வானிலைக் கருவி, செயலி எல்லாம் சேர்த்து எண்பதாயிரம் ரூபாய்க்கு ஒரு கம்பெனி தருகிறேன் என்கிறது. மழை முன்னைப்போல் இல்லை. இந்தத் தரவுத் தொழில்நுட்பம் எல்லாம் நம்ம ஊர் நிலத்துக்கு உண்மையில் உதவுமா? உதவும் என்றால் எதில் ஆரம்பிக்க வேண்டும்?"

தம்பி, உதவும். ஆனால் எண்பதாயிரத்தில் ஆரம்பிக்க வேண்டாம். இந்த மாவட்டத்தில் இருபது வருடத்துக்கு மேல் வேளாண் விரிவாக்கப் பணியில் இருந்து, இப்போது சொந்தக் கழனியைப் பார்த்துக்கொண்டிருப்பவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை விவரமாகவே எழுதுகிறேன்.

மழை மாறிவிட்டது என்கிறீர்கள். நம் பக்கம் ஆண்டுக்குச் சுமார் 950 மி.மீ. மழை. தென்மேற்கும் வடகிழக்கும் ஏறக்குறைய பாதிப் பாதி தருகின்றன, தஞ்சாவூர்க்காரர்களுக்கு இல்லாத வசதி இது. அந்தச் சராசரியை வைத்துக்கொண்டு பயிர் வைக்க முடியாது என்பதுதான் சிக்கல். 2015 நவம்பரில் வெள்ளம். அடுத்த வருடமே, 2016-ல், தமிழ்நாடு முழுவதும் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்தது. 2021 நவம்பரில் பாலாறு இரு கரை தொட்டு ஓடியதைப் பார்க்க வேலூர் பாலத்தில் ஜனம் கூடி நின்றது, ஆற்றில் தண்ணீரே பார்க்காமல் வளர்ந்த பிள்ளைகள் அதில் பாதி. இப்படி வருடத்துக்கு வருடம் தலைகீழாகும்போது, "போன வருடம் இந்தத் தேதியில் விதைத்தோம்" என்பது வழிகாட்டாது. இந்த வருடம், இந்த வாரம், நம் நிலத்தில் என்ன இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். தரவு தேவைப்படுவது அங்கேதான்.

எந்தக் கருவியைக் காட்டினாலும் நான் கேட்கும் கேள்வி ஒன்று: இந்த எண் மாறினால் நீங்கள் எதை மாற்றிச் செய்வீர்கள்? பதில் இல்லையென்றால் அந்தக் கருவி வேண்டாம். உங்கள் நிலத்தில் எண்ணைப் பார்த்து மாற்றக்கூடிய முடிவுகள் சிலதான். கொல்லையில் கடலை எப்போது விதைப்பது, கழனியில் எந்தப் போகத்துக்கு எந்தப் பயிர் வைப்பது, தண்ணீர் எப்போது கட்டுவது, உரமும் மருந்தும் எப்போது, எவ்வளவு. இதில் இரண்டாவதுதான் தலையானது. அதற்கு வேண்டிய தரவு உங்கள் கிணற்றில் கிடக்கிறது.

ஒரு நூல் கயிற்றில் அடிக்கு ஒரு முடிச்சுப் போட்டு, நுனியில் கல்லைக் கட்டி, கிணற்று மேட்டிலிருந்து இறக்குங்கள். கல் தண்ணீரைத் தொட்டதும் கயிறு தொய்யும். எத்தனை முடிச்சு என்று எண்ணுங்கள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை, காலையில் மோட்டார் போடுவதற்கு முன், ஒரே இடத்தில் நின்று அளக்க வேண்டும். இரவு முழுக்க ஊற்றெடுத்து நின்ற மட்டம் அதுதான்.

அடுத்து மோட்டார். 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம்மைக் குழாய் வாயில் வைத்து, நிறைய எத்தனை விநாடி ஆகிறது என்று போனில் பாருங்கள். 40 விநாடி என்று வைத்துக்கொள்வோம். விநாடிக்கு 5 லிட்டர், மணிக்கு 18,000 லிட்டர். உங்கள் கிணறு 30க்கு 30 அடி என்றால் ஓர் அடித் தண்ணீர் 900 கன அடி, அதாவது சுமார் 25,500 லிட்டர். ஊற்றே இல்லாவிட்டால் ஒரு மணி நேர ஓட்டத்தில் மட்டம் எட்டரை அங்குலம் இறங்க வேண்டும். நான்கு அங்குலம்தான் இறங்கியது என்றால் எடுத்தது 18,000, கிணற்றிலிருந்து குறைந்தது 8,500. மீதி 9,500 லிட்டர் அந்த ஒரு மணி நேரத்தில் ஊறி வந்தது. இதைத் தை மாதம் ஒருமுறை, பங்குனியில் ஒருமுறை செய்து பாருங்கள். கிணறு எந்த வேகத்தில் களைத்துப்போகிறது என்பது கண்ணுக்கு முன்னால் தெரியும். எந்தக் கம்பெனியின் பெட்டியும் உங்களுக்கு இதைச் சொல்லாது.

இந்த எண்களை வைத்து என்ன செய்வது? பொங்கல் முடிந்ததும் நம் ஊரில் எல்லாரும் பழக்கத்தில் நவரை நெல் நடுவோம். நெல்லுக்கு ஒரு போகத்தில் சுமார் 1,200 மி.மீ. தண்ணீர் போகும். ஒரு ஏக்கரில் 1 மி.மீ. தண்ணீர் என்பது 4,047 லிட்டர், ஆக ஏக்கருக்கு 48 லட்சம் லிட்டருக்கு மேல். உங்கள் மோட்டாருக்கு அது 270 மணி நேரம். இறவைக் கடலைக்கு 500 மி.மீ. போதும், 112 மணி நேரம். கேழ்வரகு, உளுந்து என்றால் அதிலும் குறைவு. தை மாதத்துக் கிணற்று மட்டமும் ஊற்றும் 270 மணி நேரம் தாங்குமா என்று பார்த்துவிட்டு நாற்று விடுவது வேறு. நட்டுவிட்டு, கதிர் வரும் பங்குனியில் கிணறு அடியைத் தொட்டதும் போர்வெல் போட வட்டிக்குக் கடன் வாங்கி அலைவது வேறு. நான் பணியில் இருந்த காலத்தில் கடனில் விழுந்த குடும்பங்களில் பாதிக்கு மேல் இந்த இரண்டாவது வழியில்தான் விழுந்தன. நவரையைத் தள்ளி நட்டால் இன்னொரு கெடுதலும் உண்டு. நெல் பூக்கும் நேரத்தில் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் பூவில் மகரந்தம் கெட்டுப் பதர் கூடும். நம் ஊர் பங்குனி வெயில் உங்களுக்கே தெரியும்.

இன்னொரு கணக்கையும் போட்டுப் பாருங்கள். ஒரு ஏக்கரில் வருடம் முழுக்கப் பெய்கிற 950 மி.மீ. மழை மொத்தம் 38 லட்சம் லிட்டர். ஒரு போக நெல் கேட்பது 48 லட்சம். கழனியில் கட்டும் தண்ணீரில் ஒரு பங்கு திரும்பப் பூமிக்குள் இறங்கும், ஆவியாகிப் போவதும் பயிர் குடிப்பதும்தான் உண்மையான செலவு என்பது சரி. அதைக் கழித்தாலும், பெய்த மழையில் ஒரு பகுதிதான் நிலத்தடிக்குப் போகிறது என்பதால், நெல் வைக்கிற ஒவ்வொருவரும் ஏரியிலிருந்தோ பக்கத்துக் கொல்லையின் அடியிலிருந்தோ தண்ணீரை வாங்கித்தான் விளைவிக்கிறோம். ஆகவே உங்கள் கிணற்றை மட்டும் நீங்கள் ஒழுங்காக அளந்து சிக்கனம் செய்தால் பக்கத்துப் போர் அந்தத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். அளப்பதை ஊராகச் செய்ய வேண்டும்.

ஊராகச் செய்ய முடியுமா என்று சந்தேகப்பட வேண்டாம். பக்கத்துச் சித்தூர் மாவட்டம் உட்பட அன்றைய ஒன்றுபட்ட ஆந்திராவின் ஏழு மாவட்டங்களில், 2000-களில், ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் துணையோடு உழவர்களே இதைச் செய்தார்கள். தினமும் மழையை அளந்தார்கள், பதினைந்து நாளுக்கு ஒருமுறை கிணற்று மட்டத்தை அளந்து ஊர்ச் சுவரில் எழுதினார்கள். பருவமழை முடிந்ததும் ஊர் கூடி, இவ்வளவு தண்ணீர் இருக்கிறது, இவ்வளவு பயிர் வைத்தால் இவ்வளவு போகும் என்று கணக்குப் போட்டார்கள். யாரையும் கட்டாயப்படுத்தவில்லை, நெல் வைக்காதே என்று தடுக்கவும் இல்லை. சுவரில் எண் இருந்ததால் பல பேர் தாமாகவே நெல் பரப்பைக் குறைத்தார்கள். அவர்கள் பூமியும் நம் பூமியும் ஒரே கடினப் பாறைதான்.

நம் பழைய வட ஆற்காடு மாவட்டத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1973-74-லேயே கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக, சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இங்குள்ள கிராமங்களுக்கு வந்து, புது நெல் ரகம், பம்புசெட், கிணறு என்று வீடு வீடாகக் கணக்கெடுத்தார்கள். நிலத்தடி நீர் இறங்கும் என்ற கவலையை அப்போதே எழுதியும் வைத்தார்கள். அந்த எண்கள் நூலகங்களுக்குப் போய்ச் சேர்ந்தன. எண்ணைக் கொடுத்த ஊர்க்காரர் கைக்குத் திரும்பி வந்திருந்தால் ஐம்பது வருடத்தில் எத்தனை போர்களுக்கு வேலையில்லாமல் போயிருக்கும் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு. அதனால்தான், தரவு யார் கையில் இருக்கிறது என்பதை நான் விடாமல் பேசுகிறேன்.

கொல்லைக்கு வருவோம். "ஆடிப்பட்டம் தேடி விதை" என்பார்கள். தேடி என்ற சொல்லைக் கவனியுங்கள். ஆடி பிறந்ததும் கண்ணை மூடிக்கொண்டு விதைக்கச் சொல்லவில்லை, பட்டத்தைத் தேடச் சொல்கிறது. நம் பெரியவர்கள் ஓர் உழவு மழை, இரண்டு உழவு மழை என்று மண் நனைந்த ஆழத்தை வைத்து அளந்தார்கள். நீங்கள் மழைமானி வைத்து அளக்கலாம். வாயும் அடியும் ஒரே அகலமாக உள்ள நேரான பாட்டில் போதும், மரத்துக்கும் கூரைக்கும் தள்ளித் திறந்தவெளியில் நட்டு, காலை எட்டரை மணிக்கு ஸ்கேலால் அளக்க வேண்டும். வானிலைத் துறையும் அந்த நேரத்தில்தான் அளக்கிறது. அணைக்கட்டு ஒன்றியத்துக்கு ஒரு தானியங்கி நிலையம் இருந்தாலும், கோடையிடி மழை ஓர் ஊரில் கொட்டி அடுத்த ஊரில் புழுதியைக் கிளப்பிவிட்டுப் போகும். உங்கள் கொல்லையில் என்ன பெய்தது என்பதை உங்கள் பாட்டில்தான் சொல்லும்.

எழுதி வைக்கத் தனி நோட்டு கூட வேண்டாம். வீட்டில் பால் கணக்கு எழுதும் மாதக் காலண்டரில் அந்தத் தேதிக் கட்டத்திலேயே எழுதுங்கள். பாலுக்குக் கீழே மழை, அதற்குக் கீழே மோட்டார் ஓடிய மணி. எங்கள் வீட்டில் இப்படிப் பன்னிரண்டு காலண்டர்கள் சுருட்டி வைத்திருக்கிறோம்.

மண் ஒரு சாண் ஆழம் நனைய 20, 25 மி.மீ. மழையாவது இரண்டொரு நாளில் பெய்திருக்க வேண்டும். அதற்கு மேல் அடுத்த ஐந்து நாள் முன்னறிவிப்பைப் பாருங்கள். வானிலைத் துறை செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் வேளாண் அறிக்கை தருகிறது, 'மேகதூத்' செயலியில் தமிழிலேயே வரும், 'உழவன்' செயலியிலும் பார்க்கலாம். அந்த அறிக்கையை எப்படி வாசிப்பது என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். காற்றழுத்தத் தாழ்வு வருகிறது, வடகிழக்கு தீவிரமாகிறது என்பது போன்ற பெரிய அசைவுகளில் அதை நம்பலாம். மாலையில் எழும்பும் இடிமழை ஒடுகத்தூரில் விழுமா, மாதனூரில் விழுமா என்பதை யாராலும் ஐந்து நாள் முன்னால் சொல்ல முடியாது. மருந்து அடிக்க, உரம் போட, தண்ணீர் கட்டுவதை இரண்டு நாள் தள்ளிவைக்க முன்னறிவிப்பு அருமையாக உதவும். விதைப்புக்கு, பெய்த மழையைக் கையில் வைத்துக்கொண்டு வரப்போகும் மழையைத் துணைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். விதைக்கடலை விற்கிற விலைக்கு ஒரு தப்பு விதைப்பு அந்த வருட லாபத்தை முழுசாக விழுங்கிவிடும்.

மழைக் கணக்குக்கு இன்னொரு பயன். முதல் பெருமழைக்குப் பின் சில நாளில் சிவப்புக் கம்பளிப்பூச்சியின் அந்துப்பூச்சி மண்ணிலிருந்து கிளம்பும். மழைத் தேதி எழுதியிருந்தால் விளக்குப்பொறி வைக்க வேண்டிய இரவுகள் தெரியும். ஊரே சேர்ந்து அந்த நாலைந்து இரவு விளக்கு வைத்தால் பின்னால் மருந்துச் செலவு பெரிதாகக் குறையும்.

கழனிக்கு உள்ள மிகச் சிறந்த தரவுக் கருவி ஒரு துண்டு பிவிசி குழாய். "நெல்லுக்குக் காய்ச்சலும் பாய்ச்சலும்" என்று நம்மிடம் பழைய பேச்சே உண்டு. பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம் அதற்கு அளவு வகுத்தது. முப்பது செ.மீ. நீளக் குழாயில் கீழ் இருபது செ.மீ.க்கு ஓட்டை போட்டு, அந்தப் பகுதியை மண்ணில் புதைத்து, உள்ளே இருக்கும் சேற்றை வழித்து எடுத்துவிட வேண்டும். கழனியில் தண்ணீர் வற்றியது போலத் தெரியும், குழாய்க்குள் எட்டிப் பார்த்தால் கீழே நிற்கும். மண் மட்டத்துக்கு 15 செ.மீ. கீழே இறங்கும் வரை தண்ணீர் கட்ட வேண்டியதில்லை, வேர் அங்கே குடித்துக்கொண்டுதான் இருக்கும். இறங்கியதும் ஐந்து செ.மீ. கட்டுங்கள். நட்டு முதல் இரண்டு வாரமும், பூப்பதற்கு ஒரு வாரம் முன்பிருந்து ஒரு வாரம் பின்பு வரையும் மட்டும் தண்ணீர் நிற்க வேண்டும். முதல் தடவை செய்யும்போது உங்கள் அப்பாவுக்கு மனசு கேட்காது. கழனி வெடிக்கப்போகிறதே என்று பதறுவார். அவரைக் கூட்டிப்போய்க் குழாய்க்குள் ஒரு குச்சியை விட்டு ஈரத்தைக் காட்டுங்கள். தண்ணீரில் கால் பங்கு வரை மிச்சமாகலாம். தேங்கிய தண்ணீரில் காற்றில்லாமல் கிளம்பும் மீத்தேனும் நன்றாகக் குறையும். அந்த வாயு நூறு வருடக் கணக்கில் கரியமில வாயுவைவிட 27 மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்குவது. உலகத்துக்குச் செய்யும் நன்மையும் நம் கிணற்றுக்குச் செய்யும் நன்மையும் ஒரே குழாயில் கிடைப்பது அபூர்வம்.

யூரியாவுக்கு இலை வண்ண அட்டை. நட்ட 14-ம் நாள் முதல் பூக்கும் வரை வாரம் ஒருமுறை, காலை எட்டிலிருந்து பத்துக்குள், வெயிலுக்கு முதுகைக் காட்டி உங்கள் நிழலில் இலையைப் பிடித்து, முழுதாக விரிந்த மேல் இலையை அட்டைப் பச்சையோடு ஒப்பிட வேண்டும். பத்துக் குத்தில் ஆறு, நாலாம் எண்ணுக்குக் கீழே இருந்தால்தான் ஏக்கருக்கு 25 கிலோ போல யூரியா. வெள்ளைப் பொன்னிக்கு மூன்றாம் எண். மூட்டை மலிவு என்று அள்ளிப் போட்டால் கருகருவென்று வளரும், புகையான் பூச்சியும் இலைச்சுருட்டுப் புழுவும் தேடி வரும், அப்புறம் மருந்துக்கு ஓட வேண்டும். மண்வள அட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் உங்கள் நிலத்திலிருந்து நீங்களே மண் எடுத்துக் கொடுத்த அட்டையாக இருக்கட்டும். அரசு எடுப்பில் பாசன நிலத்தில் இரண்டரை எக்டேருக்கு ஒரு மாதிரி, மானாவாரியில் பத்து எக்டேருக்கு ஒரு மாதிரி. பக்கத்துக்காரர் செம்மண்ணின் எண் உங்கள் களிமண்ணுக்கு வந்திருக்கலாம்.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது தோல் கழிவால் கெட்ட நம் பாலாற்றுக்காகத்தான். உங்களுக்கு முதல் கருவி, தண்ணீரில் உள்ள உப்பின் அளவைக் காட்டும், பாக்கெட்டில் போடும் இ.சி. மீட்டர். கிணற்றுத் தண்ணீரில் (டெசிசீமன்ஸ்/மீட்டர் கணக்கில்) 0.7-க்குக் கீழ் என்றால் கவலையில்லை, 3-ஐத் தாண்டினால் பெரும்பாலான பயிருக்கு ஆகாது. மாதாமாதம் எழுதிவையுங்கள். மழைக்குப் பின் குறைகிறதா என்பதை வைத்துத்தான் கரும்பா, தென்னையா, தீவனப் புல்லா என்று முடிவெடுக்க முடியும்.

இப்போது சென்சார். நல்ல இடத்தில் வைத்த நல்ல சென்சார் பயனுள்ளதுதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கோவை கரும்பு இனப்பெருக்க நிலையம் ஒரு கையடக்க ஈரமானி செய்திருக்கிறது. கம்பியை மண்ணில் குத்தினால் நீலம், பச்சை, ஆரஞ்சு, சிவப்பு என்று விளக்கு எரியும். நீலமும் பச்சையும் ஈரம் போதும் என்பதற்கு, ஆரஞ்சு என்றால் தண்ணீர் கட்டலாம், சிவப்பு என்றால் உடனே கட்ட வேண்டும். அம்முண்டி ஆலைக்குக் கரும்பு வைப்பவர்களுக்கு அது போதும். உங்கள் ஒன்றரை ஏக்கரில் சென்சார் வைக்கத் தகுதியான இடம் கத்தரிப் பாத்திதான், அதுவும் சொட்டுநீர் போட்ட பிறகு. சிறு குறு உழவர்களுக்குச் சொட்டுநீர் முழு மானியத்தில் கிடைக்கிறது, முதலில் அதற்கு எழுதிக்கொடுங்கள்.

என் அனுபவத்தைச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு நிறுவனத்திடம் மூன்று ஈர சென்சார்கள் வாங்கி வைத்தேன். ஒன்று எப்போது பார்த்தாலும் வறட்சி என்றே காட்டியது. தோண்டிப் பார்த்தால் சரளைக் கல்லுக்கும் கம்பிக்கும் நடுவில் விரலளவு காற்றிடம். சேற்றுக் குழம்பு ஊற்றித் திரும்பப் பதித்ததும் சரியாயிற்று. அதைவிடப் பெரிய இழப்பு பிறகு வந்தது. இரண்டாம் வருடச் சந்தா முடிந்து சில மாதத்தில் அந்தச் செயலி திறக்கவில்லை, நிறுவனத்தின் தொலைபேசியும் எடுபடவில்லை. இரண்டு வருட ஈரக் கணக்கு முழுவதும் அவர்கள் சர்வரில் இருந்தது, ஒரு வரிகூட என் கைக்கு வரவில்லை. ஆகவே உங்களுக்கு எண்பதாயிரத்துக்கு விற்க வருகிறவரிடம் இவற்றைக் கேளுங்கள். சந்தா நின்றாலும் கருவி என் கண்ணுக்கு எண்ணைக் காட்டுமா? பழைய தரவை நான் எக்செல் தாளாக இறக்கிக்கொள்ளலாமா? என் நிலத் தரவை வேறு யாருக்குத் தருகிறீர்கள்? நம் மண்ணுக்கு அளவு திருத்திக் கொடுப்பீர்களா? முகம் சுளிக்காமல் எழுத்தில் பதில் தருபவர் என்றால் மேற்கொண்டு பேசலாம்.

செயற்கைக்கோள் பற்றியும் ஐ.டி.காரராகக் கேட்டிருப்பீர்கள். ஐரோப்பாவின் சென்டினல்-2 ஐந்து நாளுக்கு ஒருமுறை நம் தலைக்கு மேல் போகிறது, படம் இலவசம். இலை சிவப்பு ஒளியை உறிஞ்சி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பைத் திருப்பி அனுப்பும். அந்த இரண்டின் வித்தியாசத்தை வைத்துப் பயிரின் பசுமையைக் கணக்கிடுகிறார்கள். படத்தில் ஒரு கட்டம் பத்து மீட்டர், ஆக உங்கள் ஒரு ஏக்கருக்குக் கிடைப்பது நாற்பது கட்டம், அதிலும் ஓரக் கட்டங்களில் வரப்பும் பனைமரமும் கலந்துவிடும். மழைக்காலத்தில் மேகம் மறைக்கும். தனி ஒருவர் நிலத்துக்கு இதை வைத்து உரம் போடச் சொல்லும் செயலிகளை நான் இன்னும் நம்பத் தயாரில்லை. ஊர் அளவில் பார்த்தால் கதையே வேறு. உங்கள் ஏரியில் ஒவ்வொரு தையிலும் எவ்வளவு பரப்பில் தண்ணீர் நின்றது என்று 2016 முதல் எடுத்து அடுக்கிப் பாருங்கள். எந்த வருடம் கால்வாய் தூர்ந்து தண்ணீர் வரவில்லை என்பது படத்திலேயே தெரியும். கிராம சபையில் அந்தப் படத்தை வைத்துப் பேசினால் யாரும் தட்டிக்கழிக்க முடியாது. நாகநதிப் பக்கம் ஊரக வேலைத் திட்டப் பெண்கள் நீர் செறிவூட்டும் கிணறுகளை இறக்கியது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அப்படி எந்த இடத்தில் இறக்கினால் பலன் என்று தேர்ந்தெடுக்கவும் இந்தப் படங்கள்தான் கைகொடுக்கும். பெங்களூரில் கற்ற வேலை உங்கள் ஊருக்குப் பயன்படுகிற இடம் என்று இதைச் சொல்வேன்.

மேகத்தைத் துளைத்துப் பார்க்கும் ரேடார் படங்களை வைத்து நெல் பரப்பை வரைவதில் நம் வேளாண் பல்கலைக்கழகம் நல்ல வேலை செய்திருக்கிறது, பயிர்க் காப்பீட்டிலும் அது சேர்ந்திருக்கிறது. காப்பீட்டில் நீங்கள் மறக்கக் கூடாதது, அடங்கலில், அதாவது ஊரின் பயிர்ப் பதிவேட்டில், என்ன பயிர் எழுதியிருக்கிறது என்பது. கொல்லையில் கடலை இருக்க, தரிசு என்று பதிவாகியிருந்தால் எந்தச் செயற்கைக்கோளும் உங்களைக் காப்பாற்றாது. விதைத்ததும் இடக்குறியோடு ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டு, கிராம நிர்வாக அலுவலரிடம் போய்ப் பதிவைக் கண்ணால் பாருங்கள்.

உழவர் அடையாள எண் வந்திருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். அதில் எனக்கு ஆதங்கம் ஒன்று உண்டு. எல்லாமே பட்டாவை வைத்து நடக்கிறது. குத்தகைக்கு உழுகிறவரும், புருஷன் பேரில் பட்டா இருக்க வெயிலில் களையெடுக்கிற பெண்ணும் இந்தப் பதிவில் இல்லை. வறட்சி வந்தால் முதலில் அடி வாங்குவது அவர்கள்தான். அவர்களை விட்டுவிட்டுத் திரட்டுகிற தரவை வைத்து நிவாரணம் கணக்கிட்டால் அது யாருக்குப் போய்ச் சேரும் என்று நினைத்துப் பாருங்கள்.

கத்தரியைச் சொல்லாமல் விடக் கூடாது. இலவம்பாடி முள்ளுக்கத்தரிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, விலையும் மதிப்பும் கூடும் பயிர். அதைக் கெடுப்பது தண்டு, காய்த் துளைப்பான். ஏக்கருக்கு ஐந்து இனக்கவர்ச்சிப் பொறி வைத்து, விழுந்த ஆண் அந்துகளை வாரம் இரண்டு முறை எண்ணுங்கள். எண்ணிக்கை ஏறத் தொடங்கும் வாரத்தில் வாடித் தொங்கும் குருத்துகளைக் கிள்ளி எரித்தால், மூன்று நாளுக்கொரு மருந்து என்ற நிலைக்குப் போக வேண்டியிருக்காது. இலையைப் படம் பிடித்தால் நோயைச் சொல்லும் செயலிகளும் உண்டு. பூஞ்சைப் புள்ளி போன்றவற்றை நன்றாகவே சொல்கின்றன, சத்துக்குறையையும் நச்சுயிரியையும் குழப்பிக்கொள்கின்றன. மருந்து வாங்குவதற்கு முன் விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் செடியைக் காட்டிவிடுங்கள்.

பொறியில் எண்ணுவதும் காலண்டரில் எழுதுவதும் உங்கள் வேலை என்று மட்டும் நினைக்காதீர்கள். களையெடுக்க வரும் அக்காமார்கள்தான் முதல் புழுவைப் பார்க்கிறவர்கள். அவர்களிடம் கேட்டு எழுதுங்கள், எழுதியதை அவர்களுக்குச் சொல்லுங்கள். 1998-ல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிப் பக்கம் கிராமத் தகவல் மையங்கள் தொடங்கியபோது, வீராம்பட்டினத்தில் அலை உயரக் கணிப்பை ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். கணினியைத் தொடாத மீனவருக்கும் அது போய்ச் சேர்ந்தது. உங்கள் ஊர்ப் பால் சொசைட்டிச் சுவரில் ஒரு கரும்பலகை மாட்டி, மழை, ஏரி மட்டம், நாலு கிணற்று மட்டம் எழுதிவைத்தால் தினமும் பால் ஊற்ற வருகிற அத்தனை பேரும் படிப்பார்கள்.

உடனே செய்ய வேண்டியது ஒன்று, அப்பா தெம்பாக இருக்கும்போதே. அவரைக் கிணற்று மேட்டில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, 2016 வறட்சியில் தண்ணீர் எந்தப் படி வரை போனது, 2021 மழையில் எந்தப் படி வரை ஏறியது, அவர் பையனாக இருந்து மாடு கட்டிக் கவலை இறைத்த காலத்தில் சித்திரையில் எங்கே நின்றது என்று கேளுங்கள். அவர் காட்டுகிற படியில் எல்லாம் வருடத்தைப் பெயிண்டால் எழுதிவிட்டு, அதற்குப் பிறகு கயிற்றை இறக்குங்கள்.